பொய்க்காலோடும் வீல்செயாரோடும் பரதம் பழக: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மிதிவெடி. யாழ்ப்பாணத்தில் ஒரு நடன வகுப்பு வாசலில் போய் நின்றால் பெயரைக் கேட்க முதல் "ஷெல்லோ, மிதிவெடியோ?" என்றுதான் கேட்பார்கள். அதனால் இங்கேயும் அதை முதலே சொல்லி முடித்துவிட்டேன். இனி நடனம்.

பதினாலு வயதில் முதன்முதலாக ஒரு வகுப்புக்குப் போனேன். அந்த ரீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பிள்ளை, உமக்கு அரைமண்டி இருக்க ஏலாது. அரைமண்டி இல்லாமல் என்ன பரதம்? நீர் பாட்டுப் பழகும், குரல் நல்லா இருக்கு" என்றார். அரைமண்டி என்றால் முழங்காலை வெளியே மடக்கி அரைவாசி குந்தி நிற்பது. அதுவரைக்கும் நான் வாயே திறக்கவில்லை. குரல் நல்லா இருக்கிறதென்று எப்படிக் கண்டுபிடித்தாரோ!

இப்போது நானே பழக்குகிறேன். பொய்க்கால் போட்டவர்கள், வீல்செயாரில் வருபவர்கள், ஊன்றுகோலோடு வருபவர்கள், இரண்டு காலும் உள்ள பிள்ளைகள் எல்லாரும் ஒரே அறையில், தாளம் தட்டும் ஒரே தட்டுக்கழிக்கு ஆடுகிறார்கள். இத்தனை வருடத்தில் விழுந்து எழும்பிக் கற்றதை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

முதல் படி: எழும்பாதீர்கள், தாளத்தைப் பிடியுங்கள்

முதல் மாதம் என் வகுப்பில் யாரும் எழும்பி நிற்பதில்லை. கால் உள்ள பிள்ளைகளும்தான். பாயில் இருந்து ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தை, அதாவது எட்டு எண்ணிக்கையை, கையில் போட வேண்டும். வாய் "தெய்யா தெய்" சொல்ல வேண்டும். மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், சொல்ல வேண்டும். பிறகு 3, 4, 5, 7, 9 என்று எண்ணும் ஐந்து தாள ஜாதியும் வரும்.

காரணம் இதுதான். நாளைக்கு ஓர் அடவில் (பரதத்தின் அடிப்படை ஆட்ட அசைவில்) உங்கள் கால் தட்ட முடியாத இடம் வரும். அந்தத் தட்டு உங்கள் உடம்பில் வேறெங்காவது விழுந்தாக வேண்டும். தாளம் காலில் மட்டும் குடியிருந்தால் காலோடு அதுவும் போய்விடும். வாயிலும் மூச்சிலும் முதுகிலும் அதற்கு இடம் பிடித்துக் கொடுப்பதற்குத்தான் இந்த ஒரு மாதம்.

அதே மாதத்தில் அபிநயத்துக்கான உறுப்புகளும் பழகலாம். அபிநய தர்ப்பணம் என்ற பழைய நடன நூல் சொல்லும் தலை அசைவு 9, கண் பார்வை 8, கழுத்து அசைவு 4, ஒற்றைக்கை முத்திரை 28. கூட்டினால் 49. இதில் ஒன்றுக்கும் எழும்பி நிற்க வேண்டியதில்லை. கை போகும் இடத்துக்குக் கண் போக, கண் போகும் இடத்துக்கு மனம் போக, மனம் போகும் இடத்தில் பாவம் (உணர்வு) பிறக்க, பாவத்தில் ரசம் (சுவை) பிறக்கும் என்ற சுலோகத்தை எல்லாப் பிள்ளைகளும் பாடமாக்குகிறார்கள். அதில் கால் என்ற சொல்லே இல்லை. வாசலில் யாராவது மறித்தால் சொல்ல உதவும்.

ஆனால் ஒன்றையும் மறைக்கக்கூடாது. நடனத்துக்கு ஆகாதவர்கள் என்று பத்துப் பேரின் பட்டியலைத் தருவதும் அதே நூல்தான். மிகப் பருத்தவள், மிக மெலிந்தவள், மிக உயர்ந்தவள், மிகக் குட்டை, கூனி என்று அது போகும். இந்த நூலை 1917இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் நம்முடைய ஆனந்த குமாரசுவாமி. முத்திரைக்கும் கண்ணுக்கும் அந்த நூலிடம் போகிறேன். பட்டியலை அங்கேயே விட்டுவிட்டு வருகிறேன். இன்றைக்கு மேடையில் ஆடுகிற எத்தனை பேர் அந்தப் பட்டியலைத் தாண்டியிருப்பார்கள் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள்.

இருந்தபடி ஆடுவது புதுமையும் இல்லை. பரதம் சதிர் என்று அழைக்கப்பட்ட காலத்தில் பதம் என்ற அபிநயப் பாடல்களை இருந்தபடியே அபிநயித்திருக்கிறார்கள். கதக்கில் இருந்து பாவம் காட்டுவது ஒரு தனிக் கலை.

இரண்டாம் படி: கால் செய்பவரிடம் உண்மையைச் சொல்லுங்கள்

பொய்க்கால்காரர் கனபேர் இங்கேதான் பிழை விடுகிறார்கள். நடக்கச் செய்த காலோடு நேரே ஆடப் போய்விடுகிறார்கள்.

பாதணி போட்டு நடப்பதற்கென்று பொருத்திய காலில் குதிக்கு ஓர் உயரம் கணக்குப் பண்ணியிருப்பார்கள். அதே காலோடு வெறும் தரையில் நின்றால் உடம்பு பின்னுக்குச் சாயும், முழங்கால் பின்பக்கம் தள்ளும். அரைமண்டி இருக்கும்போது இது இரட்டிப்பாகத் தெரியும். அதனால் பொருத்தும் நாளிலேயே "நான் வெறுங்காலோட ஆடப் போறன்" என்று சொல்லுங்கள். 1968இல் உருவான ஜெய்ப்பூர் கால் வெறுங்காலோடு நடக்கவும் குந்தியிருக்கவும் வயலில் இறங்கவும் வேண்டும் என்று நினைத்தே செய்யப்பட்டது. யாழ்ப்பாணத்திலும் எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து அந்தக் கால் செய்து தருகிறார்கள். விலை கூடிய வெளிநாட்டுக் கால்தான் ஆட நல்லது என்று யாரும் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்.

மிஞ்சிய கால் உள்ளே போகும் கிண்ணம்தான் சொக்கெற். அதன் பின்விளிம்பையும் கவனியுங்கள். முழங்காலை ஓர் அளவுக்கு மேல் மடக்கினால் அது முழங்காலின் பின்குழியில் வெட்டும். அரைமண்டி வரைக்கும் பெரும்பாலும் சமாளிக்கலாம். முழுதாகக் குந்தும் முழுமண்டியில் சொக்கெற் கழன்றே வந்துவிடும். எனக்கு ஒரு பாடசாலை மேடையில் வந்திருக்கிறது. அதைப்பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை.

பயிற்சிக்குப் பிறகு காலைக் கழற்றி ஸ்டம்பை, அதாவது மிஞ்சிய காலின் முனையை, பாருங்கள். சிவப்பு இருக்கும். பதினைந்து, இருபது நிமிடத்தில் மறைந்தால் பரவாயில்லை. மறையாமல் நின்றால் அந்த இடத்தில் அழுத்தம் அதிகம், அதைச் சரிசெய்யும் வரை ஆடாதீர்கள். கொப்புளம் வந்தால் ஆறும் வரைக்கும் இருந்தே பழகுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் ஸ்டம்ப் வேர்க்கும், அதன் அளவும் மாறலாம். சொக்கெற் தொளதொளத்தால் போட இன்னொரு சொக்ஸ் கைவசம் வேண்டும். நீரிழிவால் கால் இழந்தவர்கள் மற்றக் காலின் பாதத்தையும் ஒவ்வொரு நாளும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அந்தக் கால்தான் இனி இரட்டை வேலை செய்யப் போகிறது.

இளம்பிள்ளை வாதம் வந்தவர்கள் களைக்கும் வரை ஆடக்கூடாது. பலவீனமான தசையை வருத்தினால் அது இன்னும் பலவீனமாகும். மூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்கு வேகம் கூடினால் இறுக்கமும் கூடும், முதலாம் காலத்தை விட்டு அவசரப்பட்டு வெளியே வரவேண்டாம்.

மூன்றாம் படி: திட்டக்கூடிய ரீச்சரைத் தேடுங்கள்

அன்பான ரீச்சரைத் தேடாதீர்கள். அன்பு எங்கும் கிடைக்கும். தாளம் பிசகினால் உங்களைத் திட்டுகிறாரா என்று பாருங்கள். பக்கத்துப் பிள்ளையின் கை தாழ்ந்தால் "முழங்கை! முழங்கை!" என்று கத்துகிறவர், உங்கள் கை தாழ்ந்தால் சிரித்துக்கொண்டு தலையாட்டுகிறார் என்றால் அவருடைய கண்ணில் நீங்கள் நடன மாணவி இல்லை, விருந்தாளி. என்னை முதன்முதலில் திட்டிய ரீச்சரின் வகுப்பில்தான் ஒன்பது வருடம் இருந்தேன்.

போய்க் கேட்க வேண்டியது மூன்று. வகுப்பறைக்குப் படி எத்தனை? மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துப் பழக்குவீர்களா, தனியாகவா? அடவை என் உடம்புக்கு மாற்றும்போது என்னோடு பேசி மாற்றுவீர்களா?

"சுதா சந்திரன் ஆடவில்லையா?" என்று ரீச்சர் தொடங்கினால் கொஞ்சம் கவனம். 1981இல் விபத்தில் வலது காலை இழந்து, ஜெய்ப்பூர் காலோடு 1984இல் மேடை ஏறியவர் அவர். பெரிய காரியம்தான். ஆனால் விபத்துக்கு முன்பே சின்ன வயதிலிருந்து ஆடிப் பழகிய உடம்பு அது. பொய்க்காலோடு முதல் தட்டடவைத் தொடங்கும் ஒரு பிள்ளையை அவரோடு ஒப்பிட்டால் பிள்ளைக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். இன்னொரு வகை ஆறுதலும் உண்டு: "நடராசரே ஒற்றைக்காலிலதானே பிள்ளை நிக்கிறார்." இதை எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அவருக்கு மற்றக் கால் தூக்கியல்லவா இருக்கிறது!

ரீச்சருக்கு முன்மாதிரி தேவைப்பட்டால் உடல் குறைபாடு உள்ளவர்களை மேடையேற்றும், கொழும்பில் 2000இல் தொடங்கிய சுனேரா மன்றத்தைச் சொல்லலாம். அப்படிப்பட்டவர்களும் மற்றவர்களும் சேர்ந்து ஆடும், லண்டனில் 1991இல் தொடங்கிய கான்டோகோ குழுவைச் சொல்லலாம். பரதத்தையே வீல்செயாரில் ஆடவைத்த சையத் சலாவுதீன் பாஷா இந்தியாவில் இருக்கிறார்.

நான்காம் படி: தரை

இது சின்ன விசயம்போல் இருக்கும், விழுத்துவது இதுதான். ரைல்ஸ் தரையில் வேர்வை ஒரு சொட்டு விழுந்தால் பொய்க்கால் வழுக்கும், ஏனென்றால் அந்தப் பாதத்துக்கு ஈரம் தெரியாது. பழைய சீமெந்துத் தரை பிடிப்பானது, ஆனால் தட்டும் ஒவ்வொரு அடியும் சொக்கெற்றுக்குள் இடியாக இறங்கும். பலகை கிடைத்தால் பலகை நல்லது. கிடைக்காவிட்டால் சீமெந்தில் மெல்லிய றப்பர் விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் ஒட்டுங்கள். வீல்செயாருக்கு விரிப்பு வேண்டாம், சக்கரம் அமிழ்ந்து கை உளையும். கோயில் வீதி மணலில் வீல்செயார் உருளவே உருளாது. திருவிழாவுக்கு ஆட அழைத்தால் பலகை போட்ட இடம் இருக்கிறதா என்று முதலே கேளுங்கள்.

ஐந்தாம் படி: அடவைப் பிரித்து மேய்தல்

ஒவ்வோர் அடவையும் எடுத்து, இது என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். தாளத்தைச் சத்தமாகக் கேட்க வைக்கிறதா? உடம்பில் ஒரு கோடு வரைகிறதா? ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் கொண்டுபோகிறதா? அந்த வேலையை உங்கள் உடம்பு வேறு வழியில் செய்யலாம். ரீச்சரின் காலை அப்படியே பார்த்துச் செய்ய முனைந்தால் எப்போதும் அரைகுறையாகத்தான் இருக்கும்.

தட்டடவின் வேலை சத்தம். பொய்க்கால் பக்கத்தைப் பாதி பலத்தோடு தட்டி, மற்றக் காலை முழுதாகத் தட்டினால் ஒரு பக்கம் தாழ்ந்தும் ஒரு பக்கம் ஓங்கியும் கேட்கும். முதலில் இதைக் குறை என்று நினைத்து மறைக்கப் பார்த்தேன். பிறகு மிருதங்கத்தின் இரண்டு முகமும் ஒரே சத்தமா போடுகின்றன என்று யோசித்தேன். இப்போது தொப்பிப் பக்கம், வலந்தலை என்று பேர் வைத்தே பழக்குகிறேன். தாளம் மட்டும் சரியான இடத்தில் விழ வேண்டும். பாதத்தில் உணர்வு இல்லாததால் தரையைத் தொட்ட கணம் உங்களுக்குத் தெரியாது, கண்ணும் உதவாது, குனிந்து பார்த்தால் தலை அசைவு கெட்டுவிடும். காதைத்தான் நம்ப வேண்டும். ஃபோனில் வீடியோ எடுத்து, படத்தைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேளுங்கள்.

நாட்டடவின் வேலை கோடு. காலை நீட்டிக் குதியை ஊன்றும்போது கண்ணுக்குத் தெரிவது நீளம். பொய்க்காலை நீட்டி ஊன்றுவது எளிது, அதன்மேல் அரைமண்டியில் பாரத்தைத் தாங்குவதுதான் கடினம். ஆகவே நீட்டுவது பொய்க்காலாகவும் மடக்குவது நல்ல காலாகவும் தொடங்குங்கள். மற்றப் பக்கம் செய்யும்போது அரைமண்டியின் ஆழத்தைக் குறையுங்கள். பாதத்தை வலிந்து வெளியே திருப்பவேண்டாம், திருப்பம் இடுப்பிலிருந்து வர வேண்டும். இது இரண்டு கால்காரருக்கும் பொருந்தும். அவர்கள் கேட்பதில்லை, முப்பது வயதில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

முழங்காலுக்கு மேலே கால் இழந்தவர்கள் பூட்டுப் போடும் மூட்டோடு மடக்கி ஆட முடியாது. நின்ற நிலையில் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் மடங்கியும் அடவுகளைக் கட்டலாம். அல்லது உயரம் குறைந்த முக்காலியில் இருந்து ஆடலாம்.

ஊன்றுகோல்காரருக்கு இரண்டு குறிப்பு. கக்கத்தில் தொங்கி நிற்கவேண்டாம், நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போகும். பாரம் உள்ளங்கையில் விழ வேண்டும். ஒற்றைக் கோலோடு நிற்க முடிந்தால் மற்றக் கை விடுதலை, ஒற்றைக்கை முத்திரை 28உம் உங்களுடையவை. பலகை மேடையில் கோலின் அடி விழும் சத்தத்தைத் தட்டாகவே கணக்கில் எடுக்கலாம், ஆனால் அடியிலுள்ள றப்பர் மூடி தேய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பாருங்கள்.

ஒரு கை இல்லாதவர்கள் இரட்டைக்கை முத்திரையை ஒரு கையால் பாதி செய்து மறுபாதியைப் பார்வையால் நிரப்பலாம். கைகூப்பும் அஞ்சலி முத்திரை அப்படியும் அஞ்சலிதான்.

ஆறாம் படி: வீல்செயாரில்

இங்கே பிரச்சினை வேறு. நிற்பவருக்குக் கால் நடக்கும், கை பேசும். வீல்செயாரில் கைதான் நடக்கவும் வேண்டும், பேசவும் வேண்டும். இந்த இரண்டு வேலைக்கும் நேரம் பிரிப்பதுதான் முழு வித்தை.

ஒரு ஆவர்த்தனத்தை, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றை, எடுப்போம். ஆதி தாளம். முதல் அட்சரத்தில் இரண்டு கையாலும் ஒரே ஒரு தள்ளு. கதிரை இப்போது தானாக உருள்கிறது. 2, 3, 4 மூன்றும் கைக்குச் சொந்தம்: வலது கையில் அலபத்மம், இடது கையில் கடகாமுகம் என்ற முத்திரைகள், பார்வை வலது கையில். ஐந்தாவதில் வலது கை இறங்கி வலச் சக்கர வளையத்தை மெல்லப் பிடிக்கட்டும், கதிரை வலது பக்கம் திரும்பும். 6, 7 திரும்பல், அப்போது இடது கை மேலெழுந்து பேசுகிறது. எட்டில் இரண்டு கையும் வளையத்தில், நிறுத்தம். அடுத்த ஆவர்த்தனத்தின் சமத்தில் (முதல் எண்ணில்) முகம் புதிய திசையில் நிற்கிறது.

அந்த 2, 3, 4ஐத்தான் பார்க்க வேண்டும். மேல் உடம்பு ஆடாமல் அசங்காமல் முத்திரை பிடித்தபடி மேடையைக் கடந்து வழுக்கிக்கொண்டு போகிறது. காலால் ஆடுபவர் யாராலும் இதைச் செய்ய முடியாது. என் வகுப்பில் ஒரு பெடியன் முதன்முதலில் இதைச் சரியாகச் செய்த நாள், கால் உள்ள பிள்ளைகள் வரிசையில் நின்று வீல்செயாரைக் கடன் கேட்டார்கள்.

முன்னே போய்ப் பின்னே வரும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. முன்னாலுள்ள சின்னச் சக்கரங்கள் திசை மாறும்போது சுற்றித் திரும்பும், கதிரை ஒரு குலுக்குக் குலுக்கும், தாளத்தில் அரை அட்சரம் போய்விடும். அந்த அரையையும் சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள்.

ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் தட்டிக் கும்பிடும்போது முன்னுக்குக் குனிந்தால் கதிரை குப்புறக் கவிழலாம். குனிய முன் அரை அடி பின்னே உருட்டுங்கள். சின்னச் சக்கரங்கள் முன்பக்கமாகத் திரும்பி நிற்கும், தாங்கும் அடி நீளமாகும். பிறகு பிறேக் போட்டுக் குனியுங்கள். இடுப்புப் பட்டி கட்டாமல் பழகவேண்டாம். கைப்பிடி கழற்றக்கூடியது என்றால் கழற்றிவிடுங்கள், முழங்கை இடிக்காது.

தொடையில் தட்டித் தாளம் போடுவது பார்க்க வடிவாக இருக்கும். ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாதவர்கள் அப்படிச் செய்யக்கூடாது. கன்றிப்போனாலும் தெரியாது. மடியில் ஒரு சின்னப் பலகை வைத்து அதில் தட்டுங்கள். பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்கியோ ஒரு பக்கம் சரிந்தோ இருக்கைக்குக் காற்றுக் கொடுங்கள். அழுத்தப் புண் வந்தால் மாதக்கணக்கில் படுக்கைதான்.

முள்ளந்தண்டில் நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே அடிபட்டவர்களோடு ஆடும் எல்லாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். திடீரென்று தலை இடிக்கும்படி வலி, முகம் சிவந்து வேர்த்தல் என்றால் அது களைப்பு இல்லை. இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறுகிறது. நிமிர்த்தி இருத்துங்கள், இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தணியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. நடன உடுப்பின் இறுக்கமான இடுப்புப் பட்டியே இதைத் தூண்டலாம்.

ஏழாம் படி: உடுப்பும் சலங்கையும்

விசிறி மடிப்பு சக்கரத்துக்குள் போகும். தையல்காரரிடம் வீல்செயாரோடே போங்கள், இருந்த நிலையில் அளவெடுக்கச் சொல்லுங்கள், மடிப்பு கால் தட்டுக்கு மேலே நிற்கட்டும். தாவணி முனையை முதுகில் ஊசி குத்துங்கள். பொய்க்காலில் சலங்கை வழுக்கும். கீழே பருத்தித்துணி ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள், மணியைப் பாதியாகத் தொடங்குங்கள், பாரம் சொக்கெற்றை இழுக்கும். வீல்செயாரில் முன்கையில் ஒற்றை வரிசை போதும். பொய்க்காலை மறைக்கவா வேண்டாமா என்று அம்மாமார் என்னிடம் கேட்பார்கள். ஆடுபவரைக் கேளுங்கள் என்பேன்.

எட்டாம் படி: பரீட்சையும் மேடையும்

வட இலங்கை சங்கீத சபைத் தரப் பரீட்சைக்கோ க.பொ.த. சாதாரண தரச் செய்முறைக்கோ போகிறீர்கள் என்றால், எந்த அடவை எப்படி மாற்றிச் செய்வீர்கள் என்று ரீச்சரின் கையெழுத்தோடு முதலே எழுத்தில் கொடுங்கள். பரீட்சை அறையில் நின்று விளக்கினால் கெஞ்சுவது போலாகிவிடும். கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதிலும் பொதுமக்கள் போகும் கட்டிடங்களைப் பாவிப்பதிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் சொல்கிறது. 2016இல் இலங்கை ஏற்று உறுதிசெய்த, வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை கலை வாழ்வில் பங்கெடுக்கும் உரிமையைச் சொல்கிறது. கடிதத்தில் இரண்டையும் ஒரு வரியில் எழுதினால் போதும்.

மண்டபத்தை ஒரு கிழமை முன்பே போய்ப் பாருங்கள். சாய்தளத்துக்கு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மேடை மூன்று அடி என்றால் முப்பத்தாறு அடி. "பலகை ஒண்டு சாத்திவிடுறம் தங்கச்சி" என்று எட்டடிப் பலகையைக் காட்டுவார்கள். அது சறுக்குமரம். அடுத்து, "நாங்கள் நாலு பேர் தூக்கிவிடுறம்" என்பார்கள். நாலு பேர் தூக்கிப் போகிற நாள் ஒன்று எல்லாருக்கும் வரும், அரங்கேற்றத்தன்று வேண்டாம். சாய்தளம் இல்லாவிட்டால் மேடைக்கு முன்னாலுள்ள தரையில் எல்லாரும் இறங்கி ஆடுங்கள். எல்லாரும்.

அறிவிப்பாளருக்கான குறிப்பை நீங்களே எழுதிக் கொடுங்கள். உருப்படியின் பெயர், இராகம், தாளம், நட்டுவாங்கம் (தாளம் போட்டு ஆட்டுவிப்பவர்) யார், அவ்வளவுதான். எழுதிக் கொடுக்காவிட்டால் "தன் குறையையும் பொருட்படுத்தாது" என்று தொடங்கி, போர்க் காலத்துக்குள் போய், சபையை அழவைத்துவிட்டுத்தான் ஒலிவாங்கியை விடுவார். அழுத சபைக்கு முன் சிருங்காரப் பதம் ஆடிப் பாருங்கள், தெரியும். ஒருமுறை எனக்கு அலாரிப்பு என்ற முதல் உருப்படி முடிய முன்னமே எழும்பி நின்று கைதட்டினார்கள். இரண்டாவது ஆவர்த்தனத்தில் நான் தாளம் விட்டிருந்தேன். என் ரீச்சர் மட்டும் நட்டுவாங்கத்தில் இருந்தபடி முறைத்துக்கொண்டிருந்தார். இரவு வீடு வரும் வழியெல்லாம் அதற்குத் திட்டு. அன்றைக்கு எனக்குக் கிடைத்த உருப்படியான விமர்சனம் அது ஒன்றுதான்.

ஆடி முடிந்தால் படம் எடுக்க வருபவர்களைக் கொஞ்சம் காக்க வையுங்கள். முதலில் காலைக் கழற்றுங்கள். ஸ்டம்பைத் துடைத்து, சிவப்பைப் பார்த்து, நேரத்தைக் குறியுங்கள். வீல்செயார்காரர் இருக்கையை விட்டு இறங்கிக் கொஞ்சம் சரிந்து படுங்கள். வேர்த்த சொக்ஸைப் பைக்குள் திணிக்காமல் வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டு அலசிக் கொடியில் போடுங்கள். காலை வகுப்புக்குள் காய்ந்துவிடும்.